புகைபோக்கியின் உள்பக்கம்

செங்கல் விழுந்த இடத்திலேயே அம்மா மறுபடியும் துணி காயப்போட்டிருந்தாள்.

அம்மா வீட்டுக்கு வந்த பெரியவள், கொல்லைக் கதவைத் திறந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான். போன வாரம் உச்சியிலிருந்து விழுந்த செங்கல், சிமென்ட் தரையில் போட்ட குழி அப்படியே இருந்தது. அதற்கு நேர் மேலே கொடியில் தலையணை உறைகளும் தம்பி சின்னவனின் சட்டைகளும் ஆடிக்கொண்டிருந்தன. மதிலுக்கு அந்தப் பக்கம், மூடிக் கிடக்கிற தொழிற்சாலையின் புகைபோக்கி, வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

“ஏம்மா, துணி காயப்போட உனக்கு வேற இடமே கிடைக்கலையா?”

“வெயில் இங்கதான அடிக்குது. விழுந்தது விழுந்தாச்சு. அதுக்குன்னு நான் ஈரத் துணியை மடிச்சு வெக்க முடியுமா?”

அம்மாவோடு வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் அந்தக் குடும்பத்தில் இல்லை. செங்கல் விழுந்த அன்று அம்மா அந்த இடத்திலிருந்து ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தாள். சின்னவன் அந்தச் செங்கலையே கையில் எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக் கம்பெனியின் ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டான். அங்கே அவனுக்குப் பதில் சொல்ல எழுந்து வந்தவர் வேறு யாருமில்லை, பெரியவளின் கணவன். அந்தக் கம்பெனியின் பாதுகாப்பு இன்ஜினீயர்.

“மேல இருந்த பழைய பூச்சு பெயர்ந்திருக்கு, அவ்வளவுதான். புகைபோக்கி நல்லா இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல” என்று எல்லார் முன்னாலும் சொல்லி மைத்துனனை அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து மாமாவும் மச்சானும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பது பெரியவள்.

“உள்ள பார்க்காம எப்படி நல்லா இருக்குன்னு சொல்லலாம்? அவங்க பார்க்கலைன்னா நான் பார்க்கிறேன்” என்று சின்னவன் சொன்னபோது, கோபத்தில் சொல்கிறான், ஆறிவிடும் என்றுதான் நினைத்தாள். அவன் பழைய சாமான் சந்தையிலிருந்து ஒரு ட்ரோன் ஃபிரேமை வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் இது ஆறுகிற கோபம் இல்லை என்று தெரிந்தது.

அது இப்போது சாப்பாட்டு மேஜையை முழுசாகப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

“வா அக்கா. உன் கைக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்” என்றான் சின்னவன். முகம் மழிக்காமல், கண் சிவந்து, சட்டையை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டிருந்தான்.

கட்டடங்களின் கூரையையும் உச்சியையும் ட்ரோனில் படம் எடுத்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. தொழிலுக்கு வைத்திருக்கும் ட்ரோன் நன்றாகத்தான் பறக்கும். ஆனால் அதன் கைகளை விரித்தால் புகைபோக்கியின் குறுகலான கழுத்துக்குள் நுழையாது. சந்தையில் கிடைத்த இந்த ஃபிரேம் வேறு மாதிரி. நான்கே நான்கு குட்டைக் கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் மேலே ஒரு மோட்டார், அதற்கு நேர் கீழே தலைகீழாக இன்னொன்று. மேல் இறக்கை ஒரு பக்கம் சுற்றினால் கீழ் இறக்கை எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். எட்டு மோட்டாரின் பலம், நான்கு மோட்டாரின் அகலம்.

“ஒரு மோட்டார் போனாலும் அதோட ஜோடி தாங்கிப் பிடிச்சுக்கும். அந்தக் குழாய்க்குள்ள இதுதான் சரிப்படும்.”

“நீ வெச்சிருக்கிற சால்டரிங் ஜோடியைத் தாங்காதுடா. பறவை எச்சம் போட்ட மாதிரி இருக்கு.”

“அதனாலதான உன்னைக் கூப்பிட்டேன்.”

பெரியவள் காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்க்கிறவள். அரிசி மணியைவிடச் சின்ன இடங்களில் ஈயம் வைத்துப் பழகிய கை. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சின்னவன் வைத்திருந்த ஈயக் கட்டிகளை உருக்கி உறிஞ்சி எடுத்துவிட்டு, ஒவ்வொரு கம்பியாக மறுபடி பதிய வைத்தாள். ஈயப் புகை எழுந்தது. அம்மா சமையலறையிலிருந்து, “சாப்பிடுற மேஜையில என்ன கருமம் பண்றீங்க?” என்று குரல் கொடுத்தாள். இரண்டு பேரும் சின்ன வயதில் போலவே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகவே இருந்தது.

“இன்னும் கனம் குறையணும்” என்றான் சின்னவன், ட்ரோனை எடை மிஷினில் வைத்துப் பார்த்து. “கனமா இருந்தா அதைத் தூக்க மோட்டார் காத்தை வேகமாத் தள்ளும். அந்தக் காத்து உள்சுவத்துல போய் அடிக்கும். ஏற்கெனவே பொலபொலன்னு இருக்கிற செங்கல்லு. நாமளே விழ வெச்ச மாதிரி ஆயிடும்.”

நிற்கும் கால்களைக் கழற்றி எறிந்துவிட்டு அவற்றின் இடத்தில் ஸ்பாஞ்சுத் துண்டுகளை ஒட்டினான். இரும்புத் திருகுகளுக்குப் பதில் நைலான் திருகுகள். தேவையில்லாத கம்பி நீளத்தையெல்லாம் அவள் வெட்டித் தள்ளினாள்.

“இதையும் சுரண்டிடு அக்கா. யாரோ விரிசலை அடைச்சு வெச்சிருக்காங்க. தேவைக்கு மேல அப்பியிருக்கு. பாரேன், பல் ஈறு மாதிரி என்ன கலர் இது?”

அவன் காட்டியது நடுத்தட்டின் ஓரம். கரிய கார்பன் ஃபைபர் தட்டில் ஒரு விரிசல். அதன் மேல் மழுமழுவென்று ஒரு பூச்சு. இளஞ்சிவப்பு நிறம், அதில் ஒரு துளி பழுப்பு.

பெரியவளின் கை அப்படியே நின்றது.

அந்த நிறம் எந்தக் கடையிலும் கிடைக்காது. காது மடலுக்குள் உட்காரும் அச்சுகளைச் செய்ய அவள் தன் கையாலேயே கலக்கும் பிசின் அது. வருகிறவர்களின் தோலுக்குப் பொருந்தவேண்டும் என்று இரண்டு மூன்று நிறங்களை அளந்து கலந்து, சின்ன பாட்டில்களில் ஊற்றி, கடை அலமாரியில் வைத்திருப்பாள். சில மாதங்களுக்கு முன்பு அதில் ஒரு பாட்டில் காணாமல் போனது. தேடாத இடமில்லை. அவளுடைய கணவன்கூட மண்டியிட்டு, மேஜைக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடிக் கொடுத்தார்.

“என்ன பார்க்கிற? சுரண்டு” என்றான் சின்னவன்.

“ம்.”

“என்ன பசை அது?”

“ஏதோ பசை. எனக்கென்ன தெரியும்?”

அவன் பிறந்ததிலிருந்து தம்பியிடம் அவள் சொன்ன பொய்களை எண்ணினால் ஒரு கைவிரலுக்குள் அடங்கிவிடும். இது அதில் சேர்ந்தது. கத்தியின் கீழே அந்தப் பிசின் சுருள் சுருளாகப் பெயர்ந்து வந்தது.

அத்தோடு நின்றிருந்தால், யாரோ கடைக்கு வந்தவர் எடுத்திருப்பார் என்று மனதைச் சமாதானம் செய்திருப்பாள். அடுத்து, ட்ரோனின் கைகளில் ஒன்றின் குழாய் வழியாகப் புதுக் கம்பியை இழுத்தபோது கம்பியோடு கறுப்புத் தூள் வந்தது. வெள்ளைத் துணியை நுழைத்து இழுத்தாள். துணியில் கரி. கரியோடு சிவப்புப் பொடி.

சின்னவன் அதை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பிடித்தான். அவன் முகம் மாறியது.

“இது புகைக்கரி. இது செங்கல் பொடி. அக்கா, இந்த ட்ரோன் ஏற்கெனவே ஏதோ ஒரு புகைபோக்கிக்குள்ள போய் வந்திருக்கு.”

“ஊர்ல எத்தனையோ புகைபோக்கி.”

“நம்ம ஊர்ல நிக்கிறது ஒண்ணே ஒண்ணுதான்” என்றான் அவன்.

ஜன்னலுக்கு வெளியே கொடியில் துணிகள் படபடத்தன. காற்று கொஞ்சம் கூடியிருந்தது.

*

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு யாரும் எதிர்பார்க்காமல் இன்ஜினீயர் வந்து நின்றார்.

வாரநாளில், ஆபீஸ் சட்டையோடு, மாமியார் வீட்டு வாசலில் அவர் நின்றது கல்யாணமான புதிதில்கூட இல்லை. கையில் பழப்பை. சிரிப்பு வாயில் மட்டும் இருந்தது.

“வாங்க மாப்பிள்ளை. சாப்பிடுறீங்களா?”

“இல்ல அத்தை, வேண்டாம். உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். ஒரு பத்து நாள் எங்க வீட்ல வந்து இருங்களேன். உங்க ரூமுக்குப் பெயின்ட்கூட அடிச்சு வெச்சிருக்கேன்.”

“போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. அதுக்கு முந்தியும் சொன்னீங்க. என் மேல திடீர்னு என்ன இவ்வளவு பாசம்?” என்று அம்மா சிரித்தாள். “உங்க வீட்டுக் கட்டில்ல படுத்தா எனக்கு இடுப்பு பிடிச்சுக்கும் மாப்பிள்ளை. நான் இங்கயே இருக்கேன்.”

பெரியவள் மேஜையிலிருந்து எழுந்திருக்கவில்லை. போன மாதம், அதற்கு முந்தைய மாதம், பெயின்ட் அடித்தது, புதுத் தலையணை வாங்கியது எல்லாம் வரிசையாக அவள் ஞாபகத்துக்கு வந்தன. தன் அம்மா மேல் இவருக்கு இவ்வளவு அக்கறையா என்று உள்ளுக்குள் பூரித்துப்போனதும் ஞாபகம் வந்தது.

அவர் மேஜைப் பக்கம் திரும்பினார். ட்ரோனைப் பார்த்தார்.

அவருடைய கட்டைவிரல் தானாகப் போய் நடுத்தட்டின் ஓரத்தை, பெரியவள் சுரண்டி வைத்திருந்த அதே இடத்தை, மெல்லத் தடவிவிட்டுத் திரும்பி வந்தது.

“இது எங்க கிடைச்சுது?”

“சந்தையில” என்றான் சின்னவன், நிமிராமல்.

“எதுக்கு?”

“நீங்க பார்க்காததைப் பார்க்க.”

“இன்னைக்கு வேண்டாம்பா. காத்து ஜாஸ்தியாகும்னு சொல்லியிருக்காங்க.”

“உள்ள காத்து அடிக்காது மாமா.”

இன்ஜினீயர் சமையலறைக்குள் போனார். பெரியவளும் பின்னாலேயே போனாள். அவர் குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்தார். டம்ளர் நிரம்பி வழிந்து கை நனைந்த பிறகும் குழாயை மூடவில்லை. அவள்தான் மூடினாள்.

“என்னங்க, அந்த ட்ரோனை நீங்க முன்னாடி பார்த்திருக்கீங்களா?”

“நான் எங்க பார்த்தேன்?”

“பார்க்கலையா?”

“இல்லைன்னு சொல்றேன்ல.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இங்க பாரு, நான் சொல்றதை மட்டும் கேளு. எப்படியாவது பேசி, சாயங்காலத்துக்குள்ள அத்தையை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடு. உன் தம்பியையும்.”

“பக்கத்து வீட்டுக்காரங்களை?”

அவர் அவளைப் பார்த்தார். டம்ளரைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டு, அம்மாவிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பெரியவள் மேஜைக்குத் திரும்பினாள். இப்போதே தம்பியிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவன் நேராக ஆபீசுக்கு ஓடுவான். அடிதடியாகும். அதற்கப்புறம் புகைபோக்கிக்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

“சீக்கிரம் முடிடா. நானும் வரேன். என் கண்ணால பார்க்கணும்.”

சின்னவன் ஆச்சரியமாக நிமிர்ந்தான். “நீ வேண்டாம்னு சொல்லுவேன்னுல்ல நினைச்சேன்!”

*

இறக்கைகளை மாட்டுவதற்கு முன் மோட்டார்கள் சுற்றும் திசையைச் சோதித்தார்கள். ஓடும் மோட்டாரின் பக்கத்தில் ஒரு நூலை நீட்டினால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும். கீழ் மோட்டார் ஒன்று, தன் ஜோடி சுற்றும் பக்கமே சுற்றியது. மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றி ஈயம் வைத்ததும் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. கேமராவையும் ஒரு விளக்கையும் ட்ரோனின் மூக்கில் கட்டினார்கள். கொல்லையில் முதல்முறை கிளப்பியபோது ட்ரோன் லேசாகக் குலுங்கி, பிறகு நிதானமாக எழுந்து தலை உயரத்தில் அசையாமல் நின்றது. கொடியில் இருந்த துணிகூட அதிகம் ஆடவில்லை.

“நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க” என்று அம்மா ஒப்புக்கொண்டாள். “அப்படியே அந்தப் பரண் மேல இருக்கிற தூசியையும் இதை வெச்சே அடிச்சுடு.”

சின்னவன் சிரித்தான். பெரியவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தொழிற்சாலைக் காவல்காரர் சின்னவனுக்குப் பழக்கமானவர். “சட்டுனு போய்ட்டு வந்துடுங்க தம்பி, எனக்கு வேலை போயிடும்” என்று முனகிக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார். புல் முளைத்த களத்தைத் தாண்டி, கண்ணாடி உடைந்த கொட்டகைகளைத் தாண்டி, புகைபோக்கியின் அடிக்குப் போனார்கள். கிட்டே போகப் போக அதன் உச்சியைப் பார்க்க முடியவில்லை. அடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கதவு. துரு ஏறியிருந்தது. ஆனால் கீல்களில் மட்டும் புதிதாக எண்ணெய் வைத்த ஈரம்.

சின்னவன் அதைக் கவனித்தான். விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

கதவுக்குள் ட்ரோனை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். சின்னவன் கையில் கன்ட்ரோல். பெரியவள் கையில் திரை. எட்டு மோட்டாரும் ஒன்றாக முழங்கின. குழாய்க்குள் அந்தச் சத்தம் பல மடங்காகி, காலுக்குக் கீழே தரை வரைக்கும் வந்து அதிர்ந்தது.

திரையில் முதலில் கரி மட்டும் தெரிந்தது. விளக்கு மேலே போகப் போகச் சுவர் தெரிந்தது.

“எதிர்ப்பக்கம் நல்லாத்தான் இருக்கு” என்றான் சின்னவன். “திருப்புறேன்.”

ட்ரோன் மெல்லத் திரும்பி, வீடுகள் இருக்கும் பக்கத்துச் சுவரைக் காட்டியது.

உள்வரிசைச் செங்கற்கள் ஒரு ஆள் உயரத்துக்குப் பெயர்ந்து போயிருந்தன. அதற்கு மேலே, நெட்டுக்குத்தாக, கை நுழையும் அகலத்தில் ஒரு விரிசல் ஏறிக்கொண்டே போனது. விளக்கு எட்டுகிற தூரம் வரை அதற்கு முடிவு தெரியவில்லை. ஒரு இடத்தில் அதன் வழியாக வெளி வெளிச்சம் கோடாக உள்ளே விழுந்தது.

“அய்யோ” என்றாள் பெரியவள்.

“பொறு, அது என்ன? விரிசலுக்குக் குறுக்க என்னமோ ஒட்டியிருக்கு.”

சாண் நீளத்துக்குக் கண்ணாடித் துண்டுகள். சுவரில் பதித்திருந்த இரும்புப் படிகளை ஒட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக, விரிசலின் இரண்டு கரையையும் சேர்த்துப் பிடித்தபடி இருந்தன.

“விரிசல் இன்னும் நகருதான்னு பார்க்க இப்படி ஒட்டி வெப்பாங்க” என்றான் சின்னவன். “விரிசல் அகலமானா கண்ணாடி உடைஞ்சிடும். இது உடைஞ்சிருக்கு. இதுவும். அக்கா, எல்லாமே உடைஞ்சிருக்கு.”

அவன் ட்ரோனை இன்னும் கிட்டே கொண்டுபோனான். விளக்கு ஒரு கண்ணாடித் துண்டின் மேல் நேராக விழுந்தது. அதன் இரண்டு நுனியிலும் மழுமழுவென்று இளஞ்சிவப்புப் பிசின்.

சின்னவன் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“இது என்ன பசைன்னு உனக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“காலையிலயே தெரியும்.”

“தெரியும்டா. என் கடையில இருந்து எடுத்தது.”

அந்த நேரம் பார்த்து மோட்டார்களின் சத்தம் பிசிறடித்தது. கீழ் மோட்டார் ஒன்று நின்றுவிட்டது. திரை சாய்ந்தது. மேலிருந்த ஜோடி வீறிட்டுக்கொண்டு பாரத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டது. சின்னவன் பல்லைக் கடித்துக்கொண்டு, பச்சைக் குழந்தையைப் படியிறக்குகிறவன் போல, விரலை நகர்த்தி நகர்த்தி அதைக் கீழே கொண்டுவந்தான். ட்ரோன் கதவுக்குள் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பின்னாலேயே சரசரவென்று செங்கல் பொடி கொட்டியது.

மோட்டார் எல்லாம் நின்ற பிறகும் அந்தப் பொடி கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

“எத்தனை உடைஞ்சிருக்கு?”

இருவரும் திரும்பினார்கள். இன்ஜினீயர் களத்தின் நடுவே நின்றிருந்தார். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

“சொல்லுப்பா. கண்ணாடி எத்தனை உடைஞ்சிருக்கு?”

“எல்லாம்” என்றான் சின்னவன்.

“எல்லாத்துக்கும் மேல ஒட்டினதுமா? அது முந்தாநேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே!”

“எல்லாம் மாமா.”

இன்ஜினீயர் இருந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் பல்பு மாற்ற நாற்காலி மேல் ஏறினாலே தலை சுற்றுகிற மனுஷர். அந்த இருட்டுக் குழாய்க்குள், துருப்பிடித்த படிகளைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் கண்ணாடியும் அவளுடைய பிசின் பாட்டிலுமாக இவர் ஏறியிருக்கிறார் என்பதைப் பெரியவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“முதல்ல அதை விட்டுத்தான் பார்த்தேன்” என்றார், ட்ரோனைக் காட்டி. “எனக்குப் பறக்கவிடத் தெரியல. மோதி உடைச்சுட்டேன். ஒட்டிப் பார்த்தேன், சரிவரல, சந்தையில தள்ளிட்டேன். அப்புறம்தான் நானே ஏறினேன். மேலதிகாரிகிட்ட விரிசலைப் பார்த்த அன்னைக்கே சொன்னேன். நிலத்தை வாங்க ஆள் வர்றாங்க, அது முடியுற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னுட்டார். வெளியில இரும்புப் பட்டை கட்டியிருக்கே, தாங்கிடும்னு நானும்…”

“நம்பினீங்களா?” என்றாள் பெரியவள்.

“நம்பணும்னு நினைச்சேன்.”

“எங்க அம்மா அதுக்குக் கீழ துணி காயப்போடுறாங்க மாமா” என்றான் சின்னவன். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பெரியவளுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. “ஆபீஸ்ல நீங்க என்னைப் பார்த்துச் சிரிச்சீங்க. பூச்சு பெயர்ந்திருக்குன்னீங்க.”

தலைக்கு மேலே எங்கேயோ, கல்லும் கல்லும் உரசுகிற மாதிரி, நீளமாக ஒரு முனகல் கேட்டது. மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். உச்சிக்குப் பின்னால் மேகங்கள் வேகமாக நகர்ந்துகொண்டிருந்தன. நகர்வது மேகமா புகைபோக்கியா என்று சொல்ல முடியவில்லை.

“எந்திரிங்க” என்றாள் பெரியவள். “எப்ப விழும்?”

“தெரியாது. பெருங்காத்து ஒண்ணு போதும். வரிசையையே காலி பண்ணணும். இப்பவே.”

சின்னவன் ட்ரோனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். கேமராவில் இருக்கும் படம் இனிமேல் அவன் உயிர். கேட்டுக்கு ஓடினார்கள்.

கேட் பூட்டியிருந்தது.

காவல்காரர் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். கையில் சாவி. முகத்தில் ரத்தமே இல்லை.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஓடி வந்ததைப் பார்த்துட்டு, ஏதோ ஆபத்துன்னு நான்தான் ஆபீசுக்குப் போன் போட்டேன். அவங்க ஆள் அனுப்புறாங்களாம். அதுவரைக்கும் உள்ள இருக்கிற யாரையும் வெளிய விடக்கூடாது, கையில இருக்கிறதையும் வெளிய விடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

“அண்ணே, புகைபோக்கி விழப்போகுது!” என்று சின்னவன் கேட்டைப் பிடித்து உலுக்கினான்.

“என்னை என்ன தம்பி பண்ணச் சொல்றீங்க? எனக்கும் குடும்பம் இருக்கு.”

பெரியவள் அவரோடு வாதாடிக்கொண்டு நிற்கவில்லை. போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா கொல்லையில் இருந்தால் போன் சத்தம் கேட்காது. அந்தக் கொடிக்குக் கீழே நிற்கிறாளோ என்னவோ. மறுபடியும் அடித்தாள்.

“என்னடி?”

“அம்மா, கேள்வி கேட்காம நான் சொல்றதைச் செய். கட்டின துணியோட வெளிய வா. கொல்லைப் பக்கம் போகாதே. வரிசையில ஒவ்வொரு கதவாத் தட்டி எல்லாரையும் தெருக்கோடிக்குக் கூட்டிட்டுப் போ. புகைபோக்கி விழப்போகுது.”

அந்தப் பக்கம் கொல்லைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“மாப்பிள்ளை சொன்னாரா, இல்ல நீ சொல்றியா?”

“நான் பார்த்தேன்மா. என் கண்ணால பார்த்தேன்.”

“சரி” என்றாள் அம்மா. போனைக்கூட அணைக்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு போனிலும், மதிலைத் தாண்டிக் காற்றிலும், ஒரே சமயத்தில் அம்மாவின் குரல் வந்தது. பக்கத்து வீட்டுக் கதவைப் பட்பட்டென்று தட்டும் சத்தம். “வெளிய வாங்க! அடுப்பை அணைச்சுட்டு வாங்க! எதையும் எடுக்காதீங்க, ஆளு வந்தாப் போதும்!” ஒரு கதவு திறந்தது. யாரோ என்ன ஏது என்று கேட்டார்கள். அம்மாவின் குரல் அடுத்த வாசலுக்குப் போய்விட்டது.

இன்ஜினீயரின் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவர் எடுத்துப் பார்த்தார். அழைப்பது மேலதிகாரி என்பதை அவர் முகமே சொல்லிவிட்டது. சின்னவன் உலுக்குவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். கேட்டுக்கு அப்பால், தொழிற்சாலைச் சாலையின் முனையில், ஒரு வண்டி திரும்பிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. இன்ஜினீயரின் கட்டைவிரல் அதன் மேல் நின்றதே தவிர அழுத்தவில்லை.

பெரியவள் கையை நீட்டி, அவர் கையிலிருந்து போனை வாங்கினாள். அவர் தடுக்கவில்லை. அவள் பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தாள்.

“சொல்லுங்க சார்” என்றாள். “நான் அவர் மனைவி பேசுறேன். உங்க புகைபோக்கியடியில, நீங்க பூட்டச் சொன்ன கேட்டுக்குள்ள நிக்கிறேன்.”